சிறு தொழிலை வரி எங்கே பிடிக்கிறது?

ஜிஎஸ்டி பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு வாக்கியங்கள் தவறாமல் காதில் விழும். ஒன்று, தொழில் செய்பவர் சொல்வது: "சம்பாதிக்கிறதில் 18 சதவீதம் வரிக்கே போயிடுது." இன்னொன்று, அவரைப் பார்த்து மற்றவர்கள் சொல்வது: "வரியை வாங்குறவர்தானே கொடுக்கிறார், உங்களுக்கு என்ன நஷ்டம்?"

இரண்டுமே தவறு. முதலாவது கணக்கில் இடறுகிறது, இரண்டாவது நடைமுறையில் இடறுகிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள உண்மை தெரியாததால், வரி குறைந்தால் சிறு தொழில் செழித்துவிடும் என்று ஒரு பக்கமும், வரி ஏய்க்கத்தான் புலம்புகிறார்கள் என்று இன்னொரு பக்கமும் பேச்சு போய்க்கொண்டே இருக்கிறது.

சிறு தொழிலை அதிகம் நெருக்குவது வரியின் சதவீதத்தைவிட, அதைக் கட்ட வேண்டிய தேதி என்பது என் கருத்து. அது எப்படி என்று அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

லாபத்துக்கு ஒரு வரி, விற்பனைக்கு ஒரு வரி

ஒரு சிறு தொழில்முனைவோர் முக்கியமாக இரண்டு வரிகளைச் சந்திக்கிறார்.

முதலாவது வருமான வரி. இது லாபத்தின் மேல் விழுவது. லாபம் இல்லாவிட்டால் பொதுவாக இந்த வரியும் இல்லை. தனி உரிமையாளராகத் தொழில் செய்பவருக்குத் தொழிலின் லாபமே அவருடைய சொந்த வருமானம். 2025-26 நிதியாண்டில் புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தால், 12 லட்சம் ரூபாய் வரையிலான தொழில் வருமானத்துக்குத் தள்ளுபடி போக வரி பூஜ்யம். கூட்டு நிறுவனமாக, அதாவது பார்ட்னர்ஷிப்பாகப் பதிவு செய்திருந்தால் கதை வேறு. அங்கே லாபத்துக்கு நேராக 30 சதவீதம்.

இரண்டாவது ஜிஎஸ்டி, அதாவது சரக்கு மற்றும் சேவை வரி. 2017 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருப்பது. இது விற்பனையின் மேல் விழுவது. லாபம் வந்ததா, நஷ்டமா என்று இந்த வரி கேட்பதில்லை. பில் போட்டால் வரி உண்டு.

இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். "18 சதவீதம் போயிடுது" என்பவர் விற்பனை வரியை லாப வரியாக எண்ணிக்கொள்கிறார்.

கண்டக்டர் பையில் இருக்கும் பணம்

பேருந்தில் கண்டக்டர் பயணிகளிடம் காசு வாங்கிப் பையில் போட்டுக்கொள்கிறார். பை கனமாக இருந்தாலும் அது அவர் பணம் இல்லை, டிப்போவில் கட்ட வேண்டியது. ஜிஎஸ்டியில் கடைக்காரர் அந்தக் கண்டக்டர். 100 ரூபாய் சரக்கை 118 ரூபாய்க்கு விற்றால், அந்த 18 ரூபாய் அரசுக்காக அவர் வசூலித்துத் தருவது.

ஆனால் முழு 18 ரூபாயையும் அவர் கட்ட வேண்டியதில்லை. அந்தச் சரக்கைத் தயாரிக்க வாங்கிய மூலப்பொருளுக்கு அவரும் வரி கொடுத்திருப்பார். 60 ரூபாய்க்கு வாங்கியிருந்தால் அதன் மேல் 10 ரூபாய் 80 காசு. அதைக் கழித்துக்கொண்டு மீதி 7 ரூபாய் 20 காசு கட்டினால் போதும். இப்படிக் கழித்துக்கொள்ளும் உரிமைக்குத்தான் உள்ளீட்டு வரி வரவு என்று பெயர். கடைத்தெருவில் 'இன்புட்' என்று சுருக்கமாகச் சொல்வார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் கூடும் மதிப்புக்கு மட்டும் வரி விழ வேண்டும், வரிக்கு மேல் வரி விழக்கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. நல்ல ஏற்பாடுதான்.

சரி, இதுவரை பார்த்ததில் கடைக்காரருக்கு நஷ்டம் எதுவும் இல்லை. ஆனால் பேருந்தில் பயணி முதலில் காசு கொடுக்கிறார், பிறகுதான் கண்டக்டர் டிப்போவில் கட்டுகிறார். சிறு தொழிலில் பெரும்பாலும் இந்த வரிசை தலைகீழ். பயணி மூன்று மாதம் கழித்துத்தான் காசு கொடுப்பார், கண்டக்டரோ அடுத்த மாதமே டிப்போவில் கட்டியாக வேண்டும்.

இதுவரை: வருமான வரி லாபத்தின் மேல், ஜிஎஸ்டி விற்பனையின் மேல். ஜிஎஸ்டி பணம் தொழில் செய்பவருடையது அல்ல, அவர் வழியாக அரசுக்குப் போவது. அது எப்போது வருகிறது, எப்போது போகிறது என்பதில்தான் சிக்கல்.

ஒரு லேத் பட்டறையின் கணக்கு

கோவைப் பக்கம் பார்க்கக்கூடிய ஒரு சின்ன லேத் பட்டறையைக் கற்பனை செய்துகொள்வோம். பம்ப் கம்பெனி ஒன்றுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கிறது. இரும்பு பட்டறையுடையது. மாதம் 4 லட்சம் ரூபாய்க்கு பில், அதன் மேல் 18 சதவீத வரி 72,000. ஆக பார்ட்டி தர வேண்டியது 4,72,000.

செலவு: இரும்பு 2 லட்சம், அதற்கு வரி 36,000. கூலி 95,000. வாடகை, கரண்ட், டூல் எல்லாம் சேர்த்து 55,000. வரியை விட்டுவிட்டுப் பார்த்தால் மாத லாபம் 50,000 ரூபாய். ஆண்டுக்கு 6 லட்சம். தனி உரிமையாளர் என்பதால் வருமான வரி பூஜ்யம்.

ஜிஎஸ்டி கட்ட வேண்டியது 72,000 கழித்தல் 36,000, அதாவது 36,000. காகிதத்தில் இதுவும் அவர் கைக்காசு இல்லை. அப்படியானால் இந்தப் பட்டறையின் மேல் வரிச்சுமையே இல்லையா?

தேதிகளைப் பாருங்கள். இரும்புக் கடைக்காரர் ரொக்கம் கேட்பார், ஆகவே ஜூன் மாதமே 36,000 கைவிட்டுப் போகிறது. ஜூன் விற்பனைக்கான வரியை ஜூலை 20-க்குள் கட்ட வேண்டும், அதில் இன்னொரு 36,000. பம்ப் கம்பெனியோ 90 நாள் தவணைக்காரர். ஜூன் கடைசியில் போட்ட பில்லுக்குப் பணம் செப்டம்பர் கடைசியில் வரும். அதற்குள் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களின் வரியும் இதே போலக் கட்டியாகிவிட்டது. செப்டம்பர் 20-ஆம் தேதிக் கணக்கில் மூன்று மாத வரி, 72,000 வீதம், மொத்தம் 2,16,000 ரூபாய் வெளியே நிற்கிறது. மாத லாபத்தைப்போல நான்கு மடங்குக்கும் மேல்.

இந்தப் பணத்துக்கு எங்கே போவார்? வங்கியில் ஆண்டுக்கு 12 சதவீதத்தில் கிடைத்தால் மாத வட்டி 2,160. வெளியில் இரண்டு ரூபாய் வட்டிக்கு வாங்கினால் 4,320. ஐம்பதாயிரம் லாபத்தில் நாலேகால் சதவீதத்திலிருந்து எட்டரை சதவீதம் வரை, எந்த வரிச் சட்டத்திலும் எழுதப்படாத ஒரு செலவாகப் போய்விடுகிறது. விற்பனை கூடினால் இந்தத் தொகையும் கூடும். ஆர்டர் இரட்டிப்பானால் முதலில் வெளியே நிற்கும் வரியும் இரட்டிப்பு. வேலை வந்தும் எடுக்கத் தயங்கும் பட்டறைகள் இருப்பதற்கு இது ஒரு காரணம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது சோம்பல் போலத் தெரியும்.

இதில் என்னை மிகவும் உறுத்துவது இன்னொன்று. பட்டறைக்காரர் பில்லை ஜிஎஸ்டி தளத்தில் ஏற்றிய உடனேயே, அந்த 72,000 பம்ப் கம்பெனியின் கணக்கில் வரவாகக் காட்டும். கம்பெனி அதைத் தன் வரியில் கழித்துக்கொள்ளலாம், பட்டறைக்கு இன்னும் ஒரு பைசா கொடுக்காமலேயே. 180 நாள் வரை பணம் தராமல் இருந்தாலும் அந்த வரவு செல்லும், அதற்குப் பிறகுதான் திருப்பிக் கட்ட வேண்டும். ஆக, கடன் வாங்கி வரி கட்டியவர் சின்னவர், அந்த வரியின் பலனை முதலில் அனுபவிப்பவர் பெரியவர். சட்டப்படி இதில் யாரும் தவறு செய்யவில்லை. சட்டத்தின் அமைப்பே அப்படி.

பார்ட்டி பணமே தராமல் ஓடிவிட்டால்? கட்டிய ஜிஎஸ்டி திரும்ப வராது. வாராக்கடனுக்கு இந்திய ஜிஎஸ்டியில் நிவாரணம் இல்லை.

பணம் புரளாததால் 20-ஆம் தேதி தவறினால் ஆண்டுக்கு 18 சதவீத வட்டி, நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம். வரியை முழுதாகக் கட்டாமல் மாதாந்திரக் கணக்கான ரிட்டர்னைத் தாக்கல் செய்யவும் முடியாது. தொடர்ந்து இரண்டு ரிட்டர்ன் நின்றுபோனால், சரக்கு வண்டி போவதற்கான இ-வே பில் எடுப்பதும் முடங்கும். வண்டி போகாவிட்டால் பில் இல்லை, பில் இல்லாவிட்டால் பணம் இல்லை. ஒரு மாதத்து ரொக்கத் தட்டுப்பாடு தொழிலையே நிறுத்திவிடும் பாதை இதுதான்.

விற்றுமுதல் 5 கோடிக்குள் இருப்பவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிட்டர்ன் தாக்கல் செய்யும் வசதி 2021-லிருந்து இருக்கிறது. விற்றுமுதல் என்றால் ஓராண்டின் மொத்த விற்பனைத் தொகை, லாபம் அல்ல. இந்த வசதி எழுத்து வேலையைக் குறைக்கிறது. ஆனால் பணத்தை மாதாமாதம் கட்டத்தான் வேண்டும்.

சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால்

இன்புட் எடுக்க, வாங்கிய பில் கையில் இருந்தால் மட்டும் போதாது. விற்றவர் அந்த பில்லைத் தன் கணக்கில் ஏற்றியிருக்க வேண்டும், 2022 ஜனவரியிலிருந்து இது கறாரான நிபந்தனை. அவர் வரியையும் கட்டியிருக்க வேண்டும் என்கிறது சட்டம். அதாவது நான் ஒழுங்காக வரி சேர்த்துப் பணம் கொடுத்தும், எனக்கு விற்றவர் அலட்சியமாக இருந்தால் என் வரவு போகும்.

இதனால் சந்தையில் ஒரு பழக்கம் வந்துவிட்டது. பெரிய கம்பெனிகள் சின்ன சப்ளையருக்குச் சரக்கின் விலையைக் கொடுத்துவிட்டு, வரித்தொகையை மட்டும் நிறுத்தி வைக்கின்றன. "பில் போர்ட்டலில் தெரியட்டும், அப்புறம் தருகிறோம்" என்பார்கள். அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனால் சுமை மறுபடியும் ரொக்கம் குறைவாக உள்ளவர் தலையில்தான். முன்பு சொன்ன மூன்று மாத ரிட்டர்ன் வசதியை எடுத்தவர், இடைப்பட்ட மாதங்களில் பில்லைத் தனியாக ஏற்றாவிட்டால் வாங்குபவருக்கு வரவு தள்ளிப்போகும். அதனாலேயே சில வாங்குபவர்கள் மாதாமாதம் தாக்கல் செய்பவரிடம்தான் சரக்கு எடுப்போம் என்கிறார்கள். சின்னவருக்கென்று கொடுத்த சலுகை, ஆர்டர் போகக் காரணமாகிறது.

இதுவரை: லாபத்தைத் தொடாத வரியும், முன்னால் கட்ட வேண்டியிருப்பதால் வட்டி வழியாக லாபத்தைத் தொடுகிறது. அடுத்தவர் செய்யும் தாமதமும் நம் கணக்கில் செலவாகிறது.

40 லட்சம் என்ற கோடு

பெரும்பாலான மாநிலங்களில், சரக்கு விற்பவர்களுக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். சேவைக்கு 20 லட்சம். இந்தக் கோட்டைச் சுற்றித்தான் அதிகமான பயமும் தவறான தகவலும் உலவுகின்றன.

தாண்டியதும் முதல் ரூபாயிலிருந்து வரி கேட்பார்கள் என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில், தாண்டிய 30 நாளுக்குள் பதிவுக்கு விண்ணப்பித்துவிட்டால், கோட்டைத் தொடும் முன் நடந்த விற்பனைக்கு வரி இல்லை. அப்படிச் செய்யாமல் விட்டுப் பின்னால் பிடிபட்டால்தான் வில்லங்கம். அப்போது, வசூலிக்காத வரியைக் கைக்காசிலிருந்து, வட்டி அபராதத்துடன் கட்டச் சொல்வார்கள்.

2025 ஜூலையில் கர்நாடகத்தில் நடந்தது இதுதான். கர்நாடக வணிகவரித் துறை யுபிஐ வரவுகளைப் பார்த்து, பதிவு செய்யாத சின்ன வியாபாரிகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. பெட்டிக்கடை, பேக்கரிக்காரர்கள் க்யூஆர் அட்டையை எடுத்துவிட்டு, ரொக்கம் மட்டும் என்று எழுதி ஒட்டினார்கள். வரி விலக்குள்ள காய்கறி விற்றவருக்கும் நோட்டீஸ் போயிருந்தது. யுபிஐயில் வந்த தொகை எல்லாமே வரிக்கு உட்பட்ட விற்பனை ஆகாது என்பதை விளக்கச் சின்ன வியாபாரிகள் பலரிடம் ஏட்டுக் கணக்குகூட இருக்காது. ஆனால் யுபிஐ வாங்கியதால் வரி வந்தது என்று அப்போது பரவிய பேச்சும் சரியல்ல. ரொக்கமாக வாங்கினாலும் விற்றுமுதல் விற்றுமுதல்தான்.

கோட்டைத் தாண்டியவர்களுக்குக் காம்பொசிஷன் என்றொரு எளிய வழி உண்டு. ஒன்றரைக் கோடி வரை விற்கும் வியாபாரியும் உற்பத்தியாளரும் விற்பனையில் 1 சதவீதம், உணவகம் 5 சதவீதம் கட்டிவிட்டுப் போகலாம். பதிலுக்கு, வாடிக்கையாளரிடம் வரி வசூலிக்கக் கூடாது, இன்புட் எடுக்கக் கூடாது, வெளிமாநிலத்துக்கு விற்கக் கூடாது.

ஒரு சதவீதம்தானே என்று தோன்றும். 50 லட்சம் விற்கும் மளிகைக் கடையில் செலவு போக 6 சதவீதம் நின்றால் லாபம் 3 லட்சம். அதில் 50,000 வரி. விற்பனையில் ஒரு சதவீதம் என்பது லாபத்தில் ஆறில் ஒரு பங்கு. அப்படியிருந்தும் அந்தக் கடைக்கு இது வசதியாக இருக்கலாம், ஏனென்றால் வாங்குபவர் வீட்டுக்காரர், அவருக்கு இன்புட் தேவையில்லை.

நமது லேத் பட்டறைக்கு இதே வழி ஆகாது. 48 லட்சம் விற்றுமுதலுக்கு வரி 48,000-தான். ஆனால் இரும்புக்குக் கொடுத்த வரி, ஆண்டுக்கு 4,32,000, வரவாகக் கிடைக்காமல் செலவாகிவிடும். அதை விலையில் ஏற்றினால் பம்ப் கம்பெனிக்கு அந்தத் தொகைக்கு இன்புட் கிடைக்காது, வேறு பட்டறையைப் பார்க்கும். ஆகவே காம்பொசிஷன் நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. யாருக்கு விற்கிறீர்கள் என்பதே கேள்வி.

அப்படியானால் சதவீதம் முக்கியமே இல்லையா?

முக்கியம்தான், விலையை ஏற்ற முடியாத இடத்தில். 2022 ஜூலையில் வெட் கிரைண்டருக்கான ஜிஎஸ்டி 5 சதவீதத்திலிருந்து 18 ஆனது. கோவையின் அடையாளம் அந்தப் பொருள், அதைச் செய்பவர்களில் பலர் சிறு உற்பத்தியாளர்கள். வரிக்கு முன் 5,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 5,250-க்கு விற்றது 5,900 ஆகிறது. வாங்குபவர் ஏற்றுக்கொண்டால் சுமை அவருடையது. "5,250-க்கு மேல் தரமாட்டேன்" என்றால், அதிலிருந்து வரி போக உற்பத்தியாளர் கைக்கு வருவது சுமார் 4,449 ரூபாய். ஒரு கிரைண்டருக்கு 551 ரூபாய் குறைவு. வரியை யார் கட்டுவது என்று சட்டம் சொல்லும், அதை யார் சுமப்பது என்பதைப் பேரம் பேசும் வலுதான் முடிவு செய்யும். பெயர் பெற்ற பிராண்ட் விலையை ஏற்றிவிடும். பெயர் இல்லாதவர் தன் லாபத்தில் வெட்டிக்கொள்வார்.

இன்னொரு வகைத் தொல்லை, மூலப்பொருளுக்கு அதிக வரியும் முடிந்த பொருளுக்குக் குறைந்த வரியும் இருப்பது. தலைகீழ் வரி அமைப்பு என்பார்கள். செயற்கை இழைத் துணியில் வெகுகாலம் இப்படி இருந்தது: இழைக்கு 18, நூலுக்கு 12, துணிக்கு 5. நெசவாளருக்கு வசூலாகும் வரியைவிட இன்புட் அதிகம், மிச்சத்தை அரசிடம் கேட்டுத் திரும்பப் பெறும்வரை முதலீடு முடங்கிக் கிடந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் இழையும் நூலும் 5 சதவீதத்துக்கு வந்ததில் அந்த முடிச்சு பெருமளவு அவிழ்ந்தது.

அளவில் சிறியவராக இருப்பதற்கே ஒரு தண்டனையும் உண்டு. 48 லட்சம் விற்றாலும் 4 கோடி விற்றாலும் தாக்கல் செய்ய வேண்டியவை ஏறக்குறைய ஒன்றே. ஆடிட்டருக்கு மாதம் 2,500 கொடுத்தால் ஆண்டுக்கு 30,000. பெரியவருக்கு அது கவனத்திலேயே வராத தொகை. நம் பட்டறைக்கு அரை மாத லாபத்துக்கும் மேல். 2017-க்கு முன் ஒன்றரைக் கோடி வரை விற்ற சிறு ஆலைகளுக்குக் கலால் வரி விலக்கு இருந்தது. அதிலிருந்து ஜிஎஸ்டிக்கு வந்தவர்கள் புதிதாக உணர்ந்த சுமையில், வரித்தொகையுடன் இந்த எழுத்து வேலைக்கும் பங்கு உண்டு.

இதுவரை: விலையை ஏற்ற முடியாதவரைச் சதவீதம் கடிக்கிறது. தாக்கல் செலவு எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால் சிறியவரை அதிகம் கடிக்கிறது.

தேதியைச் சரிசெய்வது

சுமை தேதியில் இருப்பதால் மருந்தும் அங்கேதான் தேட வேண்டும். சிறு, குறுந்தொழில்களுக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு கூட்டு வட்டி என்று 2006-ஆம் ஆண்டின் சட்டமே சொல்கிறது. வட்டி கேட்டால் அடுத்த ஆர்டர் வராது என்பதால் கேட்பவர் குறைவு. 2023-24 நிதியாண்டிலிருந்து வருமான வரியும் இதில் சேர்ந்துகொண்டது. உத்யம் என்ற அரசின் சிறுதொழில் பதிவுள்ள குறு, சிறு உற்பத்தியாளருக்கோ சேவை தருபவருக்கோ உரிய காலத்தில் பணம் தராவிட்டால், தரும் ஆண்டு வரை அந்தத் தொகையை வாங்கியவர் தன் செலவாகக் காட்ட முடியாது. எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாள். ஆகவே உத்யம் எண்ணை பில்லில் அச்சிடுவது வெறும் அலங்காரம் இல்லை.

பட்டறைக்காரர் தாமாகச் செய்யக்கூடியவையும் உண்டு. கொட்டேஷன் கொடுக்கும்போது 'வரி தனி' என்று எழுத்தில் போடுவது முதல் வேலை. வாய்ப்பேச்சில் முடித்த விலையை, பின்னால் வரி உட்பட என்று சாதிப்பார்கள். வங்கியில் வரிக்கென்று தனிக் கணக்கு வைத்து, பார்ட்டி பணம் வந்த அன்றே வரிப் பங்கை அதில் ஒதுக்குவது இரண்டாவது. கையில் இருக்கும் 4,72,000-ல் தன்னுடையது எவ்வளவு என்று தெரியாமல் செலவழித்துவிட்டு 20-ஆம் தேதி திணறுபவர்கள் நிறைய.

மூன்றாவது கொஞ்சம் பேச்சுத் திறமை வேண்டியது. தவணையே கூடாது என்று சொன்னால் ஆர்டர் போய்விடும். ஆனால் "சரக்கு பில்லுக்கு 90 நாள் எடுத்துக்கொள்ளுங்கள், வரித்தொகையை மட்டும் அடுத்த மாதம் 18-ஆம் தேதிக்குள் போட்டுவிடுங்கள்" என்று கேட்கலாம். 72,000 ரூபாய் வரவை அதே வாரத்தில் தன் கணக்கில் கழித்துக்கொள்ளப்போகும் கம்பெனிக்கு, இதை மறுக்கச் சொல்லும்படியான காரணம் இருக்காது.